‘ஓசியில வாங்கியே பழகிட்டாங்க’ என்கிற பெரியப்பாவிடம் எப்படிப் பேசுவது?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது. ஈரோட்டுப் பக்கம் ஒரு சீர் விசேஷம். பந்தி முடிந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தபோது பேச்சு நூறு நாள் வேலை, ரேஷன் அரிசி, மாதம் ஆயிரம் ரூபாய், பெண்களுக்கு இலவச பஸ் என்று ஓடியிருக்கிறது. தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா, "ஓசியில வாங்கியே பழகிட்டாங்க, இனி எவன் வேலைக்கு வருவான்?" என்றிருக்கிறார். இலை எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் காதில் அது விழுந்தது. கேட்டவர் ஏதோ புள்ளிவிவரம் சொல்லப் போக, "தம்பி எப்பருந்து கம்யூனிஸ்ட்டு ஆனீங்க?" என்று சிரித்து முடித்துவிட்டார்கள். இந்த மாதிரி இடத்தில் எப்படிப் பேசுவது, பெரியப்பா சொல்வதில் உண்மை ஏதாவது இருக்கிறதா என்பது கேள்வி.

ஊரக வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். வேலை அட்டையையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, வீடு வீடாகப் போய்க் கேட்பது, கிடைத்ததைக் கிராம சபையில் வாசிப்பது, இவைதான் வேலை. உங்கள் பெரியப்பாவைப் போன்ற மாமன்மார்கள் எனக்கும் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பேசித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

புள்ளிவிவரம் எடுபடாததில் ஆச்சரியமில்லை. பெரியப்பா அன்றைக்குப் பேசியது பொருளாதாரம் அல்ல. மஞ்சள் வெட்டவும் களை எடுக்கவும் ஆள் சொல்லிவிட்டு, விடிந்து வெகுநேரம் வரை வரப்பில் நின்று வழி பார்த்த எரிச்சல் அது. அந்த எரிச்சல் நிஜம். அதை ஒப்புக்கொள்ளாமல் எடுத்த எடுப்பிலேயே மறுத்தால் எவருக்கும் காது அடைத்துக்கொள்ளும். அதனால் பதில் சொல்லாதீர்கள், கேளுங்கள். எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை? முன்னே யார் வந்தார்கள்? அவர்கள் இப்போது எங்கே போகிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை அவருக்கே தெரியும். ஆம்பளை ஆட்கள் பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். இளம்பெண்களை மில் பஸ் ஏற்றிக்கொண்டு போகிறது. நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய பெண்கள், பாட்டிமார். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருகிறவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள்தான்.

ஆண்கள் ஏன் வருவதில்லை என்பதற்குக் கூலியைப் பார்த்தால் போதும். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய், 2025-26இல் 336 ரூபாய். இதுவும் வெட்டிய மண்ணை அளந்துதான் தருவார்கள், முழுசாகக் கைக்கு வராத வாரங்கள் உண்டு. பணமும் உடனே வராது. பதினைந்து நாளுக்குள் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. மாதக்கணக்கில் நிலுவை நின்றதும் நடந்தது. தோட்ட வேலையிலோ கட்டட வேலையிலோ இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிற ஆண் எதற்கு இங்கே வந்து உட்காரப் போகிறான்?

பெரியப்பாவிடம் கேட்க எனக்குப் பிடித்த கேள்வி இன்னொன்று. பெயர்தான் நூறு நாள். அந்த நூறும் ஆளுக்கு நூறாக இருக்கவில்லை, ஒரு குடும்பத்துக்கு நூறாகத்தான் இருந்தது. மாமியாரும் மருமகளும் போனால் இருவருக்கும் சேர்த்து நூறு. நாடு முழுக்கச் சராசரியாகக் கிடைத்து வந்ததோ ஒரு குடும்பத்துக்கு ஐம்பது நாள் சுற்றித்தான். வருஷத்தில் மிச்சமிருக்கும் முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது? ஓசியிலேயே உயிர்வாழ்கிறார்கள் என்றால் கணக்கு இடிக்கிறது. இதைக் கேட்டதும் பேச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வரும். எல்லா இடத்திலும் வராது, சில இடங்களில் வரும்.

"மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டு வர்றாங்க" என்பது அடுத்து வரும். இதில் உண்மை உண்டு, மறைக்க வேண்டாம். நானே பார்த்திருக்கிறேன். அதே ஏரியை மூன்றாவது தடவையாகத் தூர்வாரும் இடங்கள், அறுபது பேர் வந்து இருபது பேருக்கு மட்டும் அளவு போட்டிருந்த இடங்கள், வேலை அட்டையில் பெயர் இருக்க ஆள் சென்னையில் இருந்த இடங்கள். ஆனால் இந்தக் குறைகளில் பாதிக்கு மேல் சோம்பலால் வந்தவை அல்ல. ஒன்றியப் பொறியாளர் ஒருவர் தலையில் பல ஊராட்சிகள். மதிப்பீடு தயாரிக்க நேரமில்லாமல் பழைய மதிப்பீட்டையே திருப்பிப் போடுகிறார். பொருள் செலவுக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதியால் கல், சிமெண்ட் தேவைப்படும் வேலைகள் குறைவாகவே வரும், மண் வேலை மட்டும் மிஞ்சும். அறுபத்தைந்து வயதுப் பெண்மணியிடம் கன அடிக் கணக்கில் மண் கேட்டால் அவர் மரத்தடியில் உட்காரத்தான் செய்வார். இத்தனைக்கும் அவருடைய வருகையைத் தினம் இரண்டு வேளை செல்போனில் படம் எடுத்து ஏற்றுகிறார்கள். படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி போச்சு. டவர் கிடைக்காத கரட்டோரத்தில் இந்தக் கூத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பேச்சுக்கு அடியில் கிடப்பதற்கு வருவோம். இந்தத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தவை கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. 2008இல் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் வந்தது. அதுவரைக்கும் கூலிப் பெண்ணுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தோட்டக்காரர் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், சொன்ன கூலிக்கு வர வேண்டும். 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த கொடுமைக்குப் பின்னால் இருந்தது கூடுதல் நெல் கூலி கேட்ட போராட்டம். எல்லா ஊரும் கீழவெண்மணி அல்ல, உங்கள் பெரியப்பா அந்த மிராசுதார்களும் அல்ல. ஆனால் கூலிக்காரர் பேரம் பேசுவதை நிலம் உள்ளவர் எப்படிப் பார்த்துப் பழகினார் என்பதற்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. நூறு நாள் வேலை வந்த பிறகு ஒரு பெண்ணால், "அந்தக் கூலிக்கு வரலீங்க" என்று சொல்ல முடிந்தது. பல மாநிலங்களில் ஆய்வு செய்தவர்களும் இதையே கண்டார்கள்: திட்டம் வந்த இடங்களில் தனியார் வேலைக்கான கூலியும் ஏறியது. பெரியப்பாவின் எரிச்சலில் ஒரு பங்கு இந்த ‘வரலீங்க’வின் மேல்தான். சோம்பேறி என்று அவர் சொல்வது பெரும்பாலும் பேரம் பேசுகிறவரை.

இது வெறும் திண்ணைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றை நிறைவேற்றியது. நாள் 125 ஆனது. செலவில் 40 சதவீதத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று ஆனது. கூடவே விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலையே நடக்காதபடி மாநிலங்கள் அறிவிக்க வேண்டும் என்று ஒரு பிரிவும் வந்தது. கூலிக்காரருக்குக் கூலி ஏறக்கூடிய காலமே அதுதான். பந்தி முடிந்து பேசும் பேச்சு கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இனி பெரியப்பாவின் மோட்டார் ரூம். இதைத்தான் நீங்கள் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய கிணற்று மோட்டாருக்கு மின் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும், பின்னர் 1990 வாக்கில் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. அதைப் பெரியப்பா ஒருநாளும் ஓசி என்று சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. கொங்கு விவசாயிகளுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. 1970இல் மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தின்போது பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு விவசாயிகள் செத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கட்டை வண்டிகளைக் கோயம்புத்தூர் ரோட்டில் நிறுத்திய கதையைப் பெரியப்பா வயதுக்காரர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள், மடக்குவதற்காகக் கேட்காதீர்கள். விளையும் பொருளுக்கு விலை வைக்கும் உரிமை இல்லாதவனுக்கு இந்த மின்சாரம் ஈடு என்பார். மழை பொய்த்தால் என் குடும்பம் நிற்பது இதனால்தான் என்பார். அத்தனையும் சரி. அவர் சொல்லி முடித்ததும், அதே நியாயத்தில் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் நிலமில்லாதவருக்கு ரேஷன் அரிசி ஏன் என்று சொல்லிவிடலாம். உழைப்புக்கு விலை வைக்கும் உரிமை அவருக்கும் கிடையாது. மழை பொய்த்தால் அவருக்கும் வேலை கிடையாது. பெரியப்பாவிடமிருந்தே கேட்டு வாங்கிய வாதம் என்பதால் ‘கம்யூனிஸ்ட்டு’ என்று தள்ளவும் முடியாது.

விவசாயி அல்லாதவர்களுக்கு வேறு பட்டியல். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மூன்று மாடி வீட்டில் மூன்று மீட்டர் இருந்தால் மூன்று நூறு. அதைத் திருப்பித் தருகிறேன் என்று வந்தவரை நான் பார்த்ததில்லை. பழைய வருமான வரி முறையில் வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. வீடு வாங்கத் திராணி இருப்பவருக்குத்தான் அது. 2019 செப்டம்பரில் நிறுவன வரியைக் குறைத்தபோது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அதற்கு வைத்த பெயர் ஊக்குவிப்பு. பொங்கல் பரிசு வரிசையில் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்பவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

"எங்க வரிப்பணம்" என்பார்கள். வருமான வரி கட்டுகிறவர் மட்டும்தான் வரி கட்டுகிறார் என்ற நினைப்பில் வரும் பேச்சு அது. இலை எடுத்த பெண்மணி செல்போன் ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார். அவருடைய வீட்டுக்காரர் டாஸ்மாக்கில் கொடுப்பதில் பெரும்பங்கு வரி. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு ஒதுக்குவது 13,000 கோடியைத் தாண்டிய ஒரு தொகை. புருஷன் கையிலிருந்து எடுத்ததில் ஒரு பங்கு பெண்டாட்டி கணக்குக்குத் திரும்புகிறது என்றும் இதைப் பார்க்கலாம். இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் மறுக்க மாட்டார்கள்.

"காசு கொடுத்தா குடிச்சே அழிப்பாங்க, வேலைக்குப் போகமாட்டாங்க" என்பதற்குச் சுருக்கமான பதில் போதும். ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டங்களை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2017இல் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் வேறு சிலரும் எழுதிய கட்டுரையில், பணம் பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குடிக்கும் புகையிலைக்கும் செலவு கூடுகிறதா என்று பல நாட்டுத் தரவுகளைப் பார்த்த வேறு ஆய்வும் இல்லை என்றே சொன்னது. ஊரில் பார்த்தால் ஆயிரம் ரூபாய் வந்த அன்றைக்குக் குழுக் கடன் தவணை கட்டுகிறார்கள், காஸ் சிலிண்டர் வாங்குகிறார்கள், பிள்ளைக்கு டியூஷன் காசு கொடுக்கிறார்கள். யாருமே வீணாக்கவில்லையா என்றால், வீணாக்குகிறவர் உண்டு. சம்பளத்தை வீணாக்குகிற அதிகாரிகள் மாதிரித்தான்.

சத்துணவு பற்றி யாரும் இப்போது இப்படிப் பேசுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1956இல் காமராஜர் மதிய உணவைப் பள்ளிகளில் விரிவாக்கினார், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பணத்துக்கு எங்கே போவது, பிள்ளைகளைத் தட்டேந்த விடுவதா என்ற பேச்செல்லாம் அன்றைக்கும் இருந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. சிறுமியாகப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவர்களுக்குப் பிற்பாடு பிறந்த பிள்ளைகள் உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள் என்று 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தபோது எதிர்ப்புக் குரல் எவ்வளவு மெலிந்திருந்தது என்று பாருங்கள். ஒரு தலைமுறை தின்று முடித்தபின் ஓசி என்ற பட்டம் உதிர்ந்துவிடுகிறது போலிருக்கிறது.

பட்டம் உதிராத வரைக்கும் அதைச் சுமப்பவருக்கு என்ன ஆகிறது என்பதற்கு பஸ்ஸைப் பாருங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி ஒரு மேடையில் பெண்களைப் பார்த்து ‘ஓசி’யில் போவதாகச் சொல்லிப் பெரிய சர்ச்சையானது. கொடுக்கும் அரசின் மந்திரி வாயிலேயே அந்தச் சொல்தான் வந்தது. நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் தள்ளி நிறுத்துவது, நிறுத்தாமலே போவது, ஏறியதும் ‘உள்ள போம்மா’ என்று அதட்டுவது, இதெல்லாம் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புகார். அவர்கள் பயணத்துக்கான பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு கொடுக்கிறது. டிக்கெட் இல்லாதவர் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை. பணம் வேறு வழியில் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் மரியாதை கையில் இருக்கும் பத்து ரூபாய்க்கு என்று நாம் பழகியிருக்கிறோம்.

முதியோர் பென்ஷன் இதைவிட மோசம். 1962இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கும் திட்டம். இப்போது மாதம் 1,200 ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 200 ரூபாய், பல ஆண்டுகளாக அதே 200. இதை வாங்க ஒரு பாட்டி, தான் ஆதரவற்றவர் என்று காட்ட வேண்டும். அவருக்கு இரண்டு மகன்கள் திருப்பூரில் இருப்பார்கள். ஒருவன் தீபாவளிக்கு வருவான், ஒருவன் அதற்கும் வரமாட்டான். ரேஷன் கார்டில் மகன் பெயர் இருந்தால் மனு நிற்காது, ஆகவே கார்டைப் பிரிக்க வேண்டும். அப்புறம் விசாரணைக்கு வருபவர் முன்னால், தெருவே கேட்க, "எனக்கு யாரும் இல்லீங்க சாமி" என்று அவர் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்ல வைப்பது திட்டத்தின் விதி. பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருப்பவர் உடனே, "பாருங்க, ரெண்டு பசங்க இருக்கையிலே பொய் சொல்லிப் பணம் வாங்குது கெழவி" என்பார். தணிக்கைக்குப் போன இடங்களில் நான் அதிகம் கேட்ட ‘முறைகேடு’ இந்த வகைதான். ஒரு லட்சம் ரூபாய் தடுப்பணை காகிதத்தில் மட்டும் இருப்பதைப் பற்றி அதே திண்ணை வாய் திறக்காது. தடுப்பணைக்காரர் எதிர்த்துப் பேசக்கூடியவர்.

ஏழைகளே ஏழைகளைப் பற்றி இப்படிப் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். "எனக்குக் கெடைக்கல, அவளுக்கு எப்படிக் கெடைச்சுது?" என்பதில் ஆரம்பித்து, "எல்லாம் அந்தக் காலனிக்காரங்களுக்குத்தான்" என்பதில் முடியும். இந்த இரண்டாவது வாக்கியம் வந்த பிறகு அங்கே நடப்பது வறுமையைப் பற்றிய பேச்சல்ல, சாதிப் பேச்சு. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் அரிசி உண்டு, ரேஷன் கடை வரிசைக்குச் சாதி கிடையாது என்பது அவருக்கும் தெரியும். நாடு முழுக்க 1997இல் ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம் என்று விட்டது. எல்லோரும் நிற்கும் வரிசையில் நிற்க எவருக்கும் கூச்சமில்லை. ரேஷன் கடைக்குப் போவது நம் ஊரில் அவமானமாகாமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு. பிரித்துப் பார்த்து ஏழைக்கு மட்டும் கொடுப்பது சிக்கனம் என்று பேசுகிறவர்கள் முதியோர் பென்ஷன் விசாரணையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இரக்கப் பேச்சும் எனக்கு ஒவ்வாது. ‘பாவம், அன்னாடங்காச்சிங்க’ என்று ஆரம்பித்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, வாங்குகிறவர் முகம் தெரியப் படம் பிடித்துப் போடுகிற பழக்கம் ஓசி என்ற வசவுக்குப் பங்காளிதான். உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. கேமராவைப் பையில் வைத்தால் போதும்.

பெரியப்பா பக்கத்து நியாயத்துக்கும் இடம் கொடுங்கள். தமிழ்நாட்டு அரசின் கடன் 8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருக்கிறது. வட்டி எங்கிருந்து வரும் என்று கேட்பது தப்பில்லை. ரேஷன் அரிசி லாரியில் கேரளாவுக்குக் கடத்தப்படுவதும், மாட்டுக்கும் கோழிக்கும் போவதும் நடப்பதே. அதைப் பிடிக்க தனிப் போலீஸ் பிரிவே இருக்கிறது. 2006இல் கலர் டிவி, 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று போட்டி போட்டதை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 2013இல் நீதிமன்றம் அந்த வாக்குறுதிகள் தேர்தல் சட்டத்தின்படி முறைகேடு ஆகாது என்றது, ஆனால் தேர்தல் ஆணையம் வாக்குறுதிகளுக்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், டிவிக்குச் செலவிட்டதைப் பள்ளிக் கழிப்பறைக்குச் செலவிட்டிருக்கலாம், மூன்று மீட்டர்காரருக்கு 300 யூனிட் இலவசம் அநியாயம். கிரைண்டர் விஷயத்தில் எனக்கு மனசு மாறிவிட்டது, ஆட்டுக்கல்லைச் சுற்றின கைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். திட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வரிசையில் நிற்பவரின் குணத்துக்கு அதை மாற்றும் இடத்தில்தான் குறுக்கே பேச வேண்டியிருக்கிறது.

நடைமுறையாகச் சில. பத்துப் பேர் முன்னால் பெரியவரை மடக்காதீர்கள். அவர் தோற்க மாட்டார், நீங்கள்தான் மரியாதை தெரியாத பிள்ளை ஆவீர்கள். தோட்டத்துக்கு அவரோடு தனியாகப் போகும்போது பேசுங்கள். ‘அவங்க எல்லாம்’ என்று ஆரம்பித்தால், ‘யாருங்க பெரியப்பா?’ என்று பேர் கேளுங்கள். பேர் வந்துவிட்டால், "அவ நல்லாத்தான் வேலை செய்வா, புருஷன் சரியில்ல, முட்டி வேற வலி" என்று அவரே சொல்ல ஆரம்பிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரே பேச்சில் மனசு மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாட்ஸாப்பில் வரும் ‘தங்கச் சங்கிலியோடு ரேஷன் வரிசையில் நிற்கும் பெண்’ படத்துக்குப் பதிலே போடாதீர்கள். கவரிங்கா தங்கமா என்ற ஆராய்ச்சியில்தான் போய் நிற்கும்.

இலை எடுத்த பெண்களிடம் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவர்களைச் சங்கடப்படுத்தும், பெரியப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகும். அவர்களில் யாருக்காவது உரிமைத் தொகை மனு தள்ளுபடியாகி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழே மின்சாரம் என்பது தகுதிகளில் ஒன்று. ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடித்தனம் இருக்கும் வளவுகளில் அந்த எண் சுலபமாகத் தாண்டிவிடும். குடும்ப வருமானம் 2.5 லட்சம் என்ற வரம்பிலும் தவறான பதிவுகள் உண்டு. மேல்முறையீட்டை இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு அனுப்பலாம் என்றுதான் ஏற்பாடு செய்திருந்தார்கள். இப்போதைய காலக்கெடுவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், மின் இணைப்பு எண், மனு தள்ளுபடியான குறுஞ்செய்தி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அவர்களோடு ஒரு முற்பகல் நீங்களும் போங்கள்.